ஆளில்லாத நகரம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

1995 யாழ்ப்பாணச் சண்டை பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இலங்கை இராணுவத்தின் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கை ஒக்ரோபர் 17இல் தொடங்கியது, டிசெம்பர் 5இல் கொடி ஏற்றினார்கள், எல்லாம் சரி. ஆனால் ஆளில்லாத நகருக்குள் படையினர் நுழைந்ததாக ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் அப்பாச்சி அங்கே இருந்தார்.

ஒக்ரோபர் 30 பின்னேரம் எல்லோரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் விடுதலைப் புலிகள் இயக்கம் அறிவித்தது. அப்பாச்சிக்கு அப்போது 78 வயது. அப்பா சைக்கிள் கரியரில் தலையணை கட்டி ஏறச் சொன்னார். “மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது? நீங்கள் போட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டார். இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

செம்மணி வெளியில் இரு பக்கமும் தண்ணீர், மேலே மழை, நாவற்குழிப் பாலம்வரை சனம். அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

1996 ஏப்ரலில் நாவற்குழிக்கு அப்பாலுள்ள தென்மராட்சியும் படையினரிடம் போன பிறகுதான் வீடு திரும்பினோம். அப்பாச்சி உயிரோடு இருந்தார். குசினிச் சுவரோரம் ஒரு பனையோலைக் கடகம் சரிந்து கிடந்தது, உள்ளே கரிபிடித்த வட்டம். வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜாம்போத்தல் விளக்கை அதற்குள் வைத்துத்தான் கொளுத்தினாராம். ஒழுங்கையில் தங்கிவிட்ட இன்னும் இரண்டு கிழவிகளும் வந்து, மூவரும் ஒரே பானையில் கஞ்சி வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு ஐயா அந்த நாட்களில் செத்துப்போனார். தூக்க ஆளில்லை, கொள்ளி வைக்க மகனில்லை. மூவரும் அவரைப் பாயில் கிடத்தி இழுத்துக்கொண்டுபோய், அவருடைய வாழைகளுக்கிடையில் மண் இளகியிருந்த இடத்தில் புதைத்தார்கள். ஷெல் விழுந்ததைப் பற்றி அப்பாச்சி அதிகம் பேசமாட்டார். இதை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குழி ஆழம் போதவில்லையாம்.

தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். முடிந்தால் அப்படித் தங்கிவிட்டவர்களின் பெயர்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். அவர்களில் பலர் இப்போது இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட எங்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு பேர்.

இப்படிக்கு,
நல்லூர் வாசகி