எங்களோடு சண்டை பிடித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு கல்லடியில் ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நடத்திய பத்து நாள் சிறுவர் பகல் முகாம் முடிந்து ஒரு கிழமையாகிறது. மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்தவர்கள், பாயும் கதிரையும் தந்த மாதர் சங்கத்து அக்காமார், தண்ணீர்த் தாங்கி கொண்டுவந்து வைத்த அண்ணன், எல்லாருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் வேறு ஆட்களுக்கு. எங்களை ஏசினவர்களுக்கும், மாட்டேன் என்று சொன்னவர்களுக்கும்.

இரண்டாம் நாள் காலை ஓர் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். "நேத்து வீட்ட வந்த புள்ள ஒரு செம்புத் தண்ணியை ஒரே மூச்சில குடிச்சிற்று விழுந்து படுத்திற்று. கச்சான் அடிக்கிற நாளில பதினொரு மணி வெயிலில ஓட விடச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்ன?"

கச்சான் காற்று எங்களுக்குப் புதிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம் பக்கம் இறங்கி வருகிறது என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள்தான் நாங்கள். ஆனால் நேரசூசி போட்டது மின்விசிறிக்குக் கீழே இருந்து. அன்று பின்னேரமே அதைக் கிழித்தோம். காலை 7 மணிக்குத் தொடக்கம், 9.30க்குப் பிறகு வெளி விளையாட்டு இல்லை, கிளித்தட்டு எல்லாம் அதற்கு முன்பே. மணித்தியாலத்துக்கு ஒரு முறை மணி அடித்துத் தண்ணீர். மணி அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அம்மாதான், கடைசி நாள் வரைக்கும்.

இன்னொரு தகப்பனார் ஏசவே இல்லை, அதுதான் கூடச் சுட்டது. முதல் நாள் அவருடைய மகனை மச்சான் முறையான ஒரு பெடியன் வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இருபது நிமிடம் தேடினோம். தகப்பன் வந்தார், மகன் வீட்டில் இருப்பதை உறுதி செய்தார், முன்கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்து கோடு போட்டு மேசையில் வைத்தார். "ஆர் வந்து கூட்டிப் போனாலும் இதில கையெழுத்து வாங்குங்க தம்பி." அவ்வளவுதான்.

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற ஆறு பேர்தான் எங்கள் ஆளணி. தொண்டை கட்டிப்போன பிறகும் கத்தினார்கள். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டது. கடித்ததும் கடிபட்டதும் பின்னேரம் ஒரே பணிசைப் பிய்த்துத் தின்றன. அழுதது பொறுப்பாக நின்ற தங்கச்சி மட்டும்.

கோலடித்து ஆடும் வசந்தன் ஆட்டம் பழக்க வந்த அண்ணாவியாரும் எங்களை விடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தோம். "சோறு தின்ட புள்ளையள ஆட்டப் போறியா?" என்று கோல்களைக் கட்டியபடியே வைத்துவிட்டார். மறுநாள் விடிய முதல் வகுப்பு அவருடையது.

கடைசியாக அந்த நாவலடி ஐயா. ஒன்பதாம் நாள் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி வாவியில் ஒரு சுற்றுக் காட்டுவதாக ஏற்பாடு. தோணி வந்தது. ஐயா பிள்ளைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "லைப் ஜக்கெட் எங்க?"

இல்லை.

"அப்ப தோணி ஓடாது."

இடுப்பளவு தண்ணிதானே, கரையோடுதானே போகப் போகிறோம் என்று வாதாடினோம். நான்தான் கூட வாதாடினேன், எழுத வெட்கமாக இருக்கிறது. "இடுப்பளவு உனக்கு மனே. இதுகளுக்கு?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாவலடிக்காரரிடம் 2004 சுனாமியைப் பற்றி யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பிறகு அவரே தோணியைக் கரையில் கட்டிவிட்டு, துடுப்பான சவளைத் தண்ணீரில் இறக்கி, மறு முனையில் ஒவ்வொரு பிள்ளையையும் காது வைக்கச் சொன்னார். வாவிக்கடியில் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீனின் ஓசை கேட்கிற பழைய முறை அது. நிலவுக் காலத்தில், காற்று அடங்கிய இரவில்தான் கேட்கும், பகலில் எங்கே? பிள்ளைகளும் கேட்கவில்லை என்று தலையாட்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் காதை எடுக்கவில்லை. "மீன் இல்ல சேர். பாலத்தில பஸ் போறது கேக்குது." போதாதா? நாற்பத்திரண்டு பேரும் பஸ் கேட்க மறுபடி வரிசையில் நின்றார்கள். அன்றைய சாப்பாடு முக்கால் மணித்தியாலம் பிந்தியது.

முகாமில் மிஞ்சிய காசில் சிறுவர் அளவில் எட்டு ஜக்கெட் வாங்கி நேற்று ஐயா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தார். இரண்டைத் திருப்பித் தந்துவிட்டார், கொளுக்கி சரியாகப் பிடிக்கவில்லையாம்.