ரொசெட்டாக் கல்லில் இருப்பது வரித் தள்ளுபடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழங்கால வரிகளைப் பற்றி வந்த கட்டுரையில், "அன்றைக்கு வரிக்குக் கணக்கும் கிடையாது, கேள்வியும் கிடையாது, அரசன் ஆள் அனுப்புவான், குடிகள் கொடுப்பார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்த நிலத்தில் யார், என்ன பயிர் என்று பதியும் கிராமக் கணக்கான அடங்கலை எழுதியே காலம் தள்ளியவன் நான். கணக்கே இல்லாமல் ஒரு ராஜ்யம் வரி வாங்கியது என்றால் எப்படி நம்புவேன்?

நைல் வெள்ளம் வருடா வருடம் எவ்வளவு ஏறியது என்று முழம், விரற்கடை வரை அளந்து கல்லில் வெட்டி வைத்தவர்கள் எகிப்தியர்கள். பழைய எகிப்திய அரசர்களின் ஆண்டுக் குறிப்புகளை வெட்டிய பலெர்மோ கல் தங்களுக்குத் தெரியாததா? வெள்ளம் நன்றாக ஏறினால் வருவாயும் ஏறும் என்று அதிகாரிகள் நைல் நதியிலுள்ள எலிபன்டைன் தீவின் அளவுகோலைப் பார்த்தே கணித்ததைப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். எகிப்திய மன்னன் ஐந்தாம் ராம்சேஸ் காலத்து வில்பர் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் சுருள் 10 மீட்டருக்கும் நீளம். எந்த நிலம், எவ்வளவு பரப்பு, யார் கையில், எவ்வளவு தானியம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அதை அடங்கல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அடி உதை இல்லை என்று நான் சொல்லவில்லை. எகிப்தின் சக்காராவில், மெரெருகா என்ற உயர் அதிகாரியின் கல்லறைச் சுவரில் பாக்கிக்காக அடிக்கும் காட்சி இருக்கிறது. அதில் அடி வாங்குகிறவர்கள் ஊர்த் தலைவர்கள். பக்கத்திலேயே எழுத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வசூல் குறைந்தால் முதலில் யார் பிடிபடுவார் என்பது கிராமக் கணக்குப் பார்த்த எவருக்கும் தெரியும்.

"கேள்வியும் கிடையாது" என்றதுதான் அதிகம் வலித்தது. இன்றைய ஈராக்கில் இருந்த சுமேரியாவின் லகாஷ் நகரில், கி.மு. 2350 வாக்கில் உருகாகினா என்ற மன்னன் களிமண் கூம்புகளில் எழுதி வைத்ததில் குடிகளின் குறைகளும் இருக்கின்றனவே? படகுக்காரனிடம், மீன்பிடிப்பவனிடம், ஆடு மேய்ப்பவனிடம் அதிகாரிகள் பிடுங்கியதெல்லாம் அதில் வருகிறது. பிணம் புதைக்கக்கூட 7 ஜாடி பீரும் 420 ரொட்டியும் வாங்கினார்கள். அதை 3 ஜாடி, 80 ரொட்டியாகக் குறைத்ததாக அவனே சொல்கிறான். கேட்காமலா குறைத்தான்?

ஒரு வருடம் அறுவடை நேரத்தில் மழை கொட்டி, வயலெல்லாம் தண்ணீர். பெரியவர் ஒருவர் கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிக் காட்டினார். ஒரு மணி தங்கவில்லை. "பார்த்துட்டீங்கல்ல, சாவின்னு எழுதுங்க ஐயா" என்றார். சாவி என்றால் மணி பிடிக்காத பயிர். எழுதினேன். மேலே இருந்தவர்கள் அதை மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை. அதற்காகப் பட்ட பாடு தனிக்கதை. வரி கொடுப்பவன் வாய் பேசமாட்டான் என்று யாராவது எழுதினால் அந்தக் கை என் கண் முன்னே வந்து நிற்கிறது.

இன்னொன்றும் நெடுநாளாக உறுத்துகிறது. முன்பு எகிப்தின் ரொசெட்டாக் கல்வெட்டைப் பற்றி நான்கு பக்கம் போட்டீர்கள். அதன் எழுத்தைப் படித்தறிந்த கதை இருந்தது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி இல்லை. கி.மு. 196இல், எகிப்திய மன்னன் ஐந்தாம் தாலமி சில வரிகளை நீக்கினான், சிலவற்றைக் குறைத்தான், குடிகளின் பாக்கியைத் தள்ளுபடி செய்தான், கோயில் நிலங்களுக்குச் சலுகை தந்தான் என்றுதான் பூசாரிகள் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்போதே கடிதம் போட்டேன். பதில் இல்லை. பிரசுரிக்காதது தங்கள் உரிமை. ஆனால் வரிக் கணக்கைக் கண்டுகொள்ளாத அதே தவறு மறுபடி வரும்போது தாங்க முடியவில்லை.

அடுத்த இதழில் சிறிய திருத்தம் ஒன்று போடுங்கள். இடம் இருந்தால் லகாஷ் கூம்பின் படத்தையும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
நாகப்பட்டினம் மாவட்டம்