முதலில் நாற்காலி, அப்புறம் செடி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பால்கனியைத் தோட்டமாக்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தச் செடி, என்ன உரம், எப்போது தண்ணீர் என்று எல்லாமே இருந்தது. உட்கார இடம் எங்கே என்பதுதான் இல்லை.

என் நாத்தனார் வீட்டில் இதே கதைதான். தொட்டிகளுக்கு நடுவே ஒற்றைக் காலை ஊன்றித் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார். செடியெல்லாம் தளதளவென்று இருக்கிறது. அவர் அதை ஹாலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்!

எங்கள் பால்கனி நாலடி அகலம், ஒன்பதடி நீளம். ஒரு தொட்டிகூட வாங்குமுன் நாற்காலியைப் போட்டுப் பார்த்தோம். தெருவைப் பார்த்துப் போட்டால் முழங்கால் கம்பியில் இடிக்கிறது. பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நீளவாக்கில் போட்டால் காலை தாராளமாக நீட்டலாம். நீட்டிய கால் வரைக்கும் சாக்பீஸால் கோடு போட்டேன். எவ்வளவு ஆசையான செடியாக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டி வராது.

உட்கார்ந்து பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. அப்போது கண் மட்டம் தரையிலிருந்து நாலடிக்குள்தான். எதிர் வீட்டு ஜன்னலை மறைக்க ஆளுயரப் பச்சைச் சுவர் எதற்கு? கம்பியில் நாலடி வரை கொடி படர்ந்தால் போதும், மேலே காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் வரும்.

எந்த நேரத்தில் உட்காருவோம் என்பதையும் யோசிக்க வேண்டும். வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவர் செம்பருத்தி வைத்தால் பெரும்பாலும் வாடிய பூவைத்தான் பார்ப்பார். அந்திமந்தாரை சாயங்காலம்தான் விரியும், மல்லிகைக்கும் அப்போதுதான் வாசனை. வெள்ளைப் பூ மங்கிய வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இவற்றுக்குப் பகலில் சில மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வெயிலே எட்டாத பால்கனி என்றால் பூவை மறந்துவிட்டு மணி பிளாண்ட், மருள் (ஸ்னேக் பிளாண்ட்) என்று இலைச் செடிகளோடு நிம்மதியாக இருக்கலாம். உச்சியில் டியூப்லைட் வேண்டாம். தொட்டிக்குப் பின்னால் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு போதும்.

கட்டுரையில் பாரம் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம். நனைந்த மண் ஒரு கன அடிக்கே சுமார் 45 முதல் 50 கிலோ வரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் விளிம்பில் அதை வரிசையாக அடுக்குவது சரியில்லை. பெரிய தொட்டி வீட்டுச் சுவரோரம் இருக்கட்டும். கம்பிப் பக்கம், பாரம் குறையத் தென்னை நார்க்கழிவு கலந்த மண் போட்ட சிறிய தொட்டிகள் போதும், அவையும் கம்பிக்கு உட்புறமாக. கீழே நடந்து போகிறவர்களுக்கும் தலை இருக்கிறதே. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் ஒரு வாரம் தேங்கினாலே கொசு உற்பத்தியாகிவிடும். அப்புறம் நாற்காலி போட்டும் பயனில்லை.

சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க அனுமதியில்லாத வாடகை வீட்டுக்காரர்கள் கொடியை எதில் ஏற்றுவது என்று அடுத்த இணைப்பில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். நாங்கள் இப்போதைக்குக் கம்பியில் சணல் கயிறு கட்டிச் சமாளிக்கிறோம்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி வாசகி