அடுத்த பையனையாவது உட்கார வையுங்கள்

நியூயார்க் ஜெட்ஸ் அணியின் உரிமையாளர் வுடி ஜான்சன் அவர்களுக்கும் பொது மேலாளர் டேரன் மோகி அவர்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி 8ஆம் தேதி இரவு நீங்களும் டிவி பார்த்திருப்பீர்கள். சியாட்டில் சீஹாக்ஸ் 29, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 13. அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் கோப்பையைக் கையில் வாங்கியவர், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் சாம் டார்னால்ட். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018இல் மூன்றாவது ஆளாக அவரை எடுத்தது நாம். ஆட்டம் வராது என்று முடிவுகட்டி 2021இல் கரோலைனாவுக்கு அனுப்பி வைத்ததும் நாம்தான்.

நியூ ஜெர்ஸித் தமிழர்களில் ஜெட்ஸ் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ஈஸ்ட் ரூதர்ஃபோர்ட் மைதானம் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு இந்த அணியிடம் மாட்டிக்கொண்டவர்கள். பேட்ரியட்ஸ் தோற்றால் வழக்கமாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் லட்டு படமாக வந்து விழும். அன்றைக்கு ஒரு லட்டும் வரவில்லை. ஏழு வருடமாக நடக்கும் பழைய சண்டைதான் மறுபடி மூண்டது: டார்னால்ட் உண்மையிலேயே நல்ல குவாட்டர்பேக்கா, இல்லை நல்ல அணியில் போய் ஒட்டிக்கொண்டவரா?

அந்தச் சண்டையை உங்கள் முன்னால் நான் தீர்க்கப் போவதில்லை. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்து நீங்கள் எடுக்கும் இளம் குவாட்டர்பேக்கை முதல் வருடம் பெஞ்சில் உட்கார வையுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கடந்த நவம்பரில் சாஸ் கார்ட்னரை இண்டியானாபொலிஸுக்கும் குவின்னன் வில்லியம்ஸை டல்லஸுக்கும் கொடுத்துவிட்டீர்கள். நம்மிடம் இருந்த இரண்டே இரண்டு உருப்படியான ஆட்கள் அவர்கள்தான் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பதிலுக்கு, நம்முடையதையும் சேர்த்து 2026, 2027 இரண்டு டிராஃப்டுகளிலும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள் கையில் வந்தன. அதில் ஒன்றைக் கொடுத்து ஒரு குவாட்டர்பேக் பையனை எடுப்பீர்கள். கையில் ஜெர்சியோடு போட்டோ எடுப்பீர்கள். அதற்கு அடுத்து என்ன செய்வீர்கள் என்பதுதான் என் பயம்.

2018ஐ நினைத்துப் பாருங்கள். அணியில் மூத்த குவாட்டர்பேக் ஜோஷ் மெக்கவுன் இருந்தார். பல ஊர் பார்த்தவர், சொல்லிக்கொடுக்கப் பொறுமையுள்ளவர். ஆனாலும் முதல் ஆட்டத்திலேயே 21 வயது டார்னால்டை இறக்கிவிட்டோம். 1970க்குப் பிறகு சீசனின் முதல் வாரத்திலேயே ஆரம்பித்த குவாட்டர்பேக்குகளில் அத்தனை இளையவர் யாரும் இல்லை. வீசிய முதல் பந்தை டெட்ராய்ட்காரர் பிடித்து, நம் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார். அந்த ஆட்டத்தை நாம் 48-17 என்று ஜெயித்ததால், அவசரம் சரியென்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. அந்த வெற்றி நமக்கு வந்திருக்கவே கூடாது.

சீசன் முடிந்ததும் கோச் டாட் போல்ஸ் போனார். ஆடம் கேஸ் வந்தார். பையன் மனப்பாடம் செய்திருந்த ஆட்டத்திட்டம் மொத்தமும் மாறியது. 2019இல் ஒரே ஒரு ஆட்டம் ஆடியதும் மோனோ காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், மூன்று ஆட்டம் வெளியே. திரும்பி வந்து டல்லஸை 24-22 என்று ஜெயித்தார். அடுத்து அக்டோபர் 21, திங்கட்கிழமை இரவு, சொந்த மைதானத்தில் பேட்ரியட்ஸ்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இதைத் தவிர எனக்கு வேறு சாட்சி வேண்டாம். பேட்ரியட்ஸ் கோச் பில் பெலிச்சிக் பின்னால் காவலுக்கு யாரையும் நிறுத்தாமல், கிடைத்த ஆளையெல்லாம் குவாட்டர்பேக் மேல் ஏவிக்கொண்டே இருந்தார். பின்வரிசை காலியாகக் கிடக்கிறது, அங்கே வீச வேண்டும். ஆனால் வீச இரண்டு நொடி வேண்டும். அந்த இரண்டு நொடியை வாங்கித் தரவேண்டிய, குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கும் ஆஃபென்சிவ் லைனை நாம் எப்படிக் கட்டியிருந்தோம்? நடுவில் நின்ற ரையன் கலில் ஓய்வு பெற்றுவிட்டு வீட்டில் இருந்தவர். ஆகஸ்டில் போய்க் கூப்பிட்டு வந்து நிறுத்தினோம். டார்னால்ட் 32 முறை வீசி 11 பந்து சேர்ந்தது. மொத்தம் 86 யார்டு. நான்கு பந்து எதிரணி கையில். 33-0. நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்குப் பேய்கள் தெரிவதாக அவர் சொன்னது சட்டையில் மாட்டியிருந்த மைக்கில் பதிவாகி, நாடு முழுக்க ஒளிபரப்பானது.

மறுநாள் அணி நிர்வாகத்துக்கு வந்த கோபம், அந்தப் பேச்சை ஒளிபரப்பியவர்கள் மேல். 22 வயதுப் பையனை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல் யாருக்காவது கோபம் வந்ததாக நான் படித்ததில்லை. ஊர் முழுக்கப் பேய் முகமூடி போட்டுச் சிரித்தார்கள். அதே பேட்ரியட்ஸை ஜெயித்துத்தான் இப்போது அவர் கோப்பை வாங்கியிருக்கிறார்.

இடையில் அவருக்கு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராக் பர்டிக்குப் பின்னால் ஒரு சீசன் உட்கார்ந்தார். நாம் 2018இல் கொடுத்திருக்க வேண்டிய வருடம் அது. ஐந்து வருடம் தாமதமாக வேறொருவர் கொடுத்தார். அங்கே பாஸிங் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கிளிண்ட் குபியாக்தான் 2025இல் சியாட்டிலில் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். நடுவில் மின்னசோட்டாவில் 14-3. நம்மிடம் 13 வெற்றி, 25 தோல்வி. தோள் அதேதான், கையும் அதேதான். (மின்னசோட்டாவும் அவரை வெளியே விட்டது என்பது எனக்குத் தெரியும். முட்டாள்தனத்துக்கு நாம் மட்டும் காப்புரிமை வாங்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.)

டார்னால்ட் ஒருவர் என்றால் விதி என்று விட்டுவிடலாம். ஜீனோ ஸ்மித்தை 2013இல் முதல் வாரமே இறக்கினோம்; 21 இன்டர்செப்ஷன், அதாவது 21 பந்து எதிரணி கையில். சில வருடம் பலருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர், 2022இல் இதே சியாட்டிலில் 30 டச்டவுன் போட்டார். ஸாக் வில்சனை 2021இல் இரண்டாவது ஆளாக எடுத்தோம். கூடவே இருந்து சொல்லித்தர வேண்டிய கோச் கிரெக் நாப் அந்த ஜூலையில் விபத்தில் இறந்துபோனார். அது யார் குற்றமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் அனுபவமுள்ள ஒரு குவாட்டர்பேக்கை அணியில் சேர்க்காமலே சீசனைத் தொடங்கினோமே, அது? முதல் ஆட்டத்தில் வில்சனை ஆறு முறை தரையில் சாய்த்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் நான்கு இன்டர்செப்ஷன். ஜோ ஃப்ளாக்கோவைக் கூட்டி வர அக்டோபர் ஆனது.

2023இல் உங்களுக்கே புத்தி வந்தது. ஆரன் ராட்ஜர்ஸை வரவழைத்தீர்கள். வில்சன் பின்னால் நின்று கற்றுக்கொள்வார் என்றீர்கள். அருமையான திட்டம். நாலே நாலு ஸ்னாப், அதாவது நாலு முறை பந்தை ஆடியது வரைதான் நீடித்தது. ராட்ஜர்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது, கற்றுக்கொள்ள நின்ற பையன் மறுபடி களத்தில். நடுவில் நிற்க மூன்றாவதாக ஒரு தேர்ந்த ஆள் வேண்டும் என்பது நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராட்ஜர்ஸ் காயம்பட்ட நம் மைதானத் தரையைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தச் செயற்கைத் தரையை எடுத்துவிட்டு இயற்கைப் புல் போடுங்கள் என்று வீரர்கள் வருடக் கணக்காகக் கேட்கிறார்கள். முடியாது, இரண்டு அணிகள் ஆடும் மைதானம், கச்சேரிகள் வேறு என்று பதில் வரும். ஆனால் இந்த ஜூலையில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் வருகிறது என்றதும் புல் வருகிறது! ஃபிஃபா கேட்டால் முளைக்கும் புல், ஆட்டக்காரர் கேட்டால் முளைக்காது. உட்காரும் உரிமைக்கே தனியாகப் பணம் கட்டிய ரசிகர்களையும், 2019இல் டிராஃப்டை முழுசாக நடத்தவிட்டு மே மாதம் மேலாளரை வீட்டுக்கு அனுப்பிய விநோதத்தையும் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. மன்னிக்கவும். குவாட்டர்பேக்குக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் எதிர்க்கட்சியும் உண்டு. ஜோ பர்ரோ உட்கார்ந்தாரா, சி. ஜே. ஸ்ட்ரவுட் உட்கார்ந்தாரா, நம் ஜோ நேமத்தே முதல் வருடம் ஆடினாரே என்பார்கள். கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க்கை 2016இல் இரண்டாம் சுற்றில் எடுத்து ஒரு ஸ்னாப்கூட ஆடவிடாமல் உட்கார வைத்தோமே, தேறினாரா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உட்கார வைத்தால் எல்லாரும், முதல் வருடம் உட்கார்ந்து பிறகு கோப்பை வென்ற பேட்ரிக் மஹோம்ஸ் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் எழுந்து தானாகவே ஓடக்கூடிய பையனுக்கு ஒரு வருடம் காத்திருந்ததால் கால் ஒடியாது. தடுமாறக்கூடிய பையனை முதல் வாரமே தள்ளினால் ஒடியும். நம் வரலாற்றில் ஒடிந்த கணக்கு அதிகம்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. ஜான்சன் அவர்களே, நீங்கள் அணியை வாங்கிய 2000ஆம் ஆண்டிலேயே 18ஆவது ஆளாகச் சாட் பென்னிங்டனை எடுத்தோம். இரண்டு வருடம் வின்னி டெஸ்டவர்டிக்குப் பின்னால் நின்றார். 2002இல் அணி 1-3 என்று தடுமாறியபோது களமிறங்கினார். நான்கு அணிகள் கொண்ட நம் டிவிஷனை ஜெயித்தோம். கோப்பைக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் இண்டியானாபொலிஸை 41-0 என்று துவைத்தோம். அதன்பிறகு இன்றுவரை டிவிஷன் பட்டம் நமக்கு வரவில்லை. அந்தப் பென்னிங்டனையும் 2008இல் பிரெட் ஃபார்வ் வந்ததும் வெளியே விட்டோம். அவர் மயாமிக்குப் போய், சீசனின் கடைசி ஆட்டத்தில் நம் ஊருக்கே வந்து நம்மைத் தோற்கடித்து டிவிஷனை எடுத்துக்கொண்டு போனார். இதையெல்லாம் ஒருவர் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

மோகி அவர்களே, நீங்கள் வந்து ஒரு சீசன்தான் ஆகிறது. பழைய பாவங்களை உங்கள் தலையில் கட்டுவது முறையில்லை. ஆனால் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு இரண்டு வருடத்துக்கு 4 கோடி டாலர் பேசியது நீங்கள். சிகாகோ அணிக்காக முதல்முறை ஆரம்பித்த ஆட்டத்தில் ஒன்பது முறை தரையில் சாய்க்கப்பட்டவர் அவர். இன்னொரு ஊரின் அவசரத்தில் அடிபட்டவர். நவம்பரில் அவரையும் பெஞ்சில் வைத்தீர்கள். சீசன் 3-14. 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் பார்க்காமல் பதினைந்து சீசன் ஓடிவிட்டது. லீகில் நம்மைவிட நெடுநாள் காத்திருப்பவர் யாரும் இல்லை. இத்தனை காத்திருந்த எங்களுக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்கத் தெரியும். வானொலியில் கத்துவோம், மைதானத்தில் பையன் பெயரைச் சொல்லி இறக்கு இறக்கு என்று கூச்சல் போடுவோம். எங்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். 2026இல் எடுத்தாலும் 2027இல் எடுத்தாலும், டிராஃப்டுக்கு முன்பே அடிபட்டுத் தேர்ந்த ஒரு குவாட்டர்பேக்கைச் சேருங்கள். அவருக்குக் காயம் பட்டால் ஆட இன்னொருவரையும் சேருங்கள். ஆஃபென்சிவ் லைனை ஆகஸ்டில் தேடாதீர்கள். பையனுக்கு ஆட்டம் சொல்லித்தரும் கோச்சை மூன்று வருடமாவது மாற்றாதீர்கள். பயிற்சி முகாம் தொடங்கும் நாளிலேயே, இந்த வருடம் இவர் ஆடமாட்டார் என்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் நாம் 0-5 என்று இருந்தாலும் அந்தச் சொல்லை மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்ஸியிலிருந்து ஒரு ஜெட்ஸ் ரசிகன்
பிப்ரவரி 2026