பாலாற்றங்கரையிலிருந்து பத்மாவுக்கு

வேலூர்,
ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள பத்மா,

திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிட்டு, பிறகு படி. எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் அம்மா போன செய்திக்கு நான் கைப்பேசியில் அனுப்பியது இரண்டு வரி. அதன்பின் நீ எழுதிய ஆறு பக்கக் கடிதத்துக்கு அந்த இரண்டு வரியும் இல்லை. முழங்கால் வலி, கண்புரை, தம்பி மகளின் கல்யாணம் என்று அடுக்கலாம். எல்லாம் நடந்ததுதான், ஆனால் எதுவும் காரணமில்லை. கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

இங்கே எல்லோரும் நலம். புரை எடுத்தாயிற்று; வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்காக இருந்தது இப்போதுதான் தெரிகிறது. சாந்தாவுக்கு இரண்டாவது பேரன். அவள் இன்னும் அந்த மூன்று ரூபாய் கணக்கை விடவில்லை, நீ வந்தால் வட்டியோடு கேட்பாளாம்.

எழுத உட்கார வைத்தது போன வியாழக்கிழமை. தம்பி மகன் வந்திருந்தான், கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றான். ஜலகண்டேஸ்வரர் கோயில், அகழி, திப்பு மகால், கண்டி மகால் என்று வழக்கமான சுற்று முடிந்தது. வெயில் தாழ்ந்ததும் முத்து மண்டபத்துக்குப் போனோம். முப்பது வருடம் இந்த ஊரில் வரலாறு நடத்தியவள் நான். அங்கே காலடி வைத்தது இது இரண்டாவது முறை. சிரிக்காதே. கொக்கு டீச்சர் இருந்திருந்தால் என்னைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்திருப்பார்.

பாலாற்றங்கரையில், 1990-இல் அரசு எழுப்பிய மண்டபத்துக்குள் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை இருக்கிறது. 1815-இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, பதினாறு வருடம் இங்கேயே இருந்து 1832-இல் இறந்தவன். இதெல்லாம் நான் வகுப்பில் சொன்னதுதான், இரண்டு மதிப்பெண் வினா. ஆனால் பக்கத்திலேயே அவனுடைய ராணிகளும் கிடக்கிறார்கள், பத்மா. அவர்களைப் பற்றி நான் ஒரு வரிகூடச் சொன்னதில்லை. எந்தப் பிள்ளையும் கேட்டதுமில்லை. தம்பி மகன் கேட்டான்: "இவங்க என்ன தப்பு பண்ணாங்க அத்தை?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கண்டி நாயக்க அரசர்களுக்கு மதுரைச் சீமையிலிருந்து பெண் எடுப்பது வழக்கம். கடல் தாண்டிப் போய், மலை நாட்டில் சிங்களக் குடிகளுக்கு ராணியாக இருந்த குலம் அது. அந்தக் குலத்துப் பெண்களைத் திரும்பவும் கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்தக் கோட்டையில் வைத்தால், அதற்கு என்ன பெயர்? நாடுகடத்தலா, பிறந்தகத்துக்கு அனுப்பிவைத்ததா? பாட்டிமார் பேசிய பேச்சு மதிலுக்கு வெளியே தெருவில் கேட்கிறது. ஆனால் வாசலில் வெள்ளைக்காரன் காவல் நிற்கிறான்.

அதே கோட்டையில் அவர்களுக்கு முன்பே திப்புவின் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கொண்டுவரப்பட்டவர்கள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்தார்களே, அதன்பின் இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹைதரின் மனைவி பக்ஷி பேகம் அதே ஆண்டு இங்கேயே இறந்தார். திப்புவின் மனைவி பாத்ஷா பேகம் 1834 வரை இருந்து இங்கேயே அடங்கினார். அவர்கள் கல்லறைகளும் இதே ஊரில்தான். மைசூர் ஒரு ராத்திரி ரயில் தூரம். அந்த தூரத்தைக் கடைசிவரை கடக்க விடவில்லை.

உனக்குத்தான் தெரியுமே, ஒன்று பிடித்தால் விடமாட்டேன். புத்தகங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்கு நாளாகக் குடும்பத்தையே பட்டினி போடுகிறேன். அயோத்தி நவாப் வாஜித் அலி ஷாவின் தாய் மலிகா கிஷ்வர், பறிபோன நாட்டைக் கேட்டு விக்டோரியாவிடம் நியாயம் பெறலாம் என்று 1856-இல் கப்பலேறினார். அங்கே இருக்கும்போதே இங்கே 1857 வெடித்தது. பிறகு அவர் வழக்கை யார் கேட்பார்கள்? திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் பாரிசில் இறந்து, பெர் லாஷேஸ் இடுகாட்டில் புதைக்கப்பட்டார். லக்னோவுக்கும் இல்லாமல் லண்டனுக்கும் இல்லாமல், நடுவில் ஏதோ ஓர் ஊர்.

ஆனால் என்னை உலுக்கியது ஜிந்த் கௌர். பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங்கின் கடைசி ராணி. ஒன்பது வயது மகன் துலீப்பை 1847-இல் அவரிடமிருந்து பிரித்தார்கள். சிறைக்கு மேல் சிறை மாற்றினார்கள். சுனார் கோட்டையிலிருந்து பணிப்பெண் வேடத்தில் தப்பி நேபாளம் போய்ச் சேர்ந்தார். மகனைத் திரும்பப் பார்த்தது 1861-இல், கல்கத்தாவில். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, கிறிஸ்தவன். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அவனோடு இங்கிலாந்துக்கு வந்து 1863 ஆகஸ்டில் கென்சிங்டனில் இறந்தார். உன் லண்டனில் அன்று பிணத்தை எரிக்க வழியில்லை. உடலைக் கென்சல் கிரீன் இடுகாட்டில் வைத்திருந்து, அடுத்த ஆண்டு மகன் கப்பலில் கொண்டுவந்தான். பஞ்சாபுக்குப் போக அரசு விடவில்லை. இறந்த பிறகும் அந்த அம்மாள்மேல் அவ்வளவு பயம்! கடைசியில் நாசிக்கில், கோதாவரிக் கரையில் எரித்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. துலீப்பின் மகள், லண்டனில் பிறந்த பாம்பா, பாட்டியைப் பார்த்தே இராதவள். அவள்தான் 1924-இல் அந்த அஸ்தியை நாசிக்கிலிருந்து லாகூருக்கு எடுத்துப்போய் ரஞ்சித் சிங்கின் சமாதியில் சேர்த்தாள். அறுபத்தொரு வருடம் பத்மா. பாம்பா லாகூரிலேயே தங்கிவிட்டாள். கண்ணெதிரே பஞ்சாப் இரண்டானது. 1957-இல் அங்கேயே இறந்து, அங்கேயே கிறிஸ்தவக் கல்லறையில் புதைக்கப்பட்டாள்.

இவ்வளவு தூரம் ராணிகள் பின்னால் ஓடுகிறேன், உன் கேள்விக்கு வரவில்லை என்று பல்லைக் கடிப்பாய். தெரிந்துதான் ஓடினேன்.

உன் அம்மாவின் அஸ்தி இன்னும் உன் படுக்கையறை அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அண்ணன் காவிரிதான் என்கிறான், சின்னவன் அங்கேயே கடலில் கரைத்துவிடு என்கிறான், "நீ சொல்லு" என்று என்னைக் கேட்டாய். பிறந்தது லால்குடி, வாழ்க்கைப்பட்டது கும்பகோணம், கடைசி இருபத்திரண்டு வருடம் உன்னோடு. எந்த ஊரை அவர் ஊர் என்பது? கும்பகோணத்து வீட்டைப் பற்றி அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு இடமில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நீ குளித்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. ஆனால் லால்குடி வாய்க்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் திரும்பமாட்டார்.

காவிரிதான் என்று அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் எந்த இடத்துக் காவிரி என்று அவனைக் கேள். அவன் மனதில் இருப்பது கும்பகோணத்துப் படித்துறை. எனக்கு லால்குடி பக்கம் என்று தோன்றுகிறது. கொள்ளிடமானாலும் பரவாயில்லை, அதுவும் காவிரித் தண்ணீர்தானே. சாஸ்திரம் பார்க்கிறவர்கள் வேறு சொல்லலாம். நான் உன் அம்மாவின் கையால் சாப்பிட்டவளாகச் சொல்கிறேன். அலமாரியிலேயே இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கு இருந்தால், அதற்கும் யாரிடமும் அனுமதி கேட்காதே.

வருவதாக இருந்தால் ஆடிப் பெருக்கை ஒட்டி வா, தண்ணீர் இருக்கும். நான் திருச்சிக்கு ரயிலில் வந்துவிடுகிறேன், முழங்கால் என்ன சொன்னாலும்.

அதற்கு முன் எனக்கு ஒரு வேலை செய். பிராம்ப்டன் இடுகாடு உனக்கு ஒரே பஸ் என்று நினைக்கிறேன். அங்கே கௌரம்மா இருக்கிறாள். குடகின் கடைசி அரசனின் மகள், விக்டோரியா ஞானத்தாயாக நின்று தன் பெயரையே வைத்த பெண். அவளைத் துலீப்புக்கே கட்டிவைக்க ராணிக்கு ஆசை; அவன் மறுத்துவிட்டான். ஓர் ஆங்கிலேயக் கர்னலைக் கட்டி, ஒரு குழந்தை பெற்று, 1864-இல் இருபத்திரண்டு வயதில் போய்விட்டாள். கல்லைக் கண்டுபிடித்து, ஏதாவது பூ வைத்துவிட்டு வா. எழுத்து தெரிகிறதா என்று பார்த்துச் சொல். படம் எடுத்தால் உன் கட்டைவிரல் விழாமல் எடு. ஊட்டிப் படங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உன்,
மங்கை

பி.கு.: சாந்தாவிடம் மூன்று ரூபாயை நானே கொடுத்துவிட்டேன். வாங்கமாட்டேன் என்கிறாள், உன் கையால்தான் வேண்டுமாம்.