நாலாவது போத்தல்

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

சுகமா? நான் நல்ல சுகம். ஐந்து கிழமையாக உன் குரலைக் கேட்கவில்லை. வேலை இருக்கும், தெரியும். கடைசியாக நீ போட்ட படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. சாப்பாட்டை வைத்து வேலை செய்கிற பிள்ளை சாப்பிடுகிறதில்லையா என்று மாமி கேட்டார். நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தக் காசல் நகரத்து மரங்களின் கீழ் நடக்கிறாயா? 1982இல் ஜேர்மன் கலைஞர் யோசேப் பொய்ஸ் தொடங்கிய 7000 மரங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கல். அவர் கண்ணை மூடிய பிறகு கடைசி மரத்தை மகன் நட்டான் என்று சொன்னாயே. எனக்குப் பிடித்தது அந்த மகனைத்தான்.

உன் வேலை எனக்கு விளங்காது என்று நினைக்கிறாய். 2017 புதுவருடத்தன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றோடு தூரிகையை வைத்துவிட்டாய். "அது நாங்கள் தின்ற மிச்சம் அப்பா" என்றாய். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நீர்கொழும்புக்குப் போய், கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளை அரித்து வந்து, அம்மாவின் தட்டில் சோறு மாதிரிப் பரிமாறி வைத்தாய். நான் சத்தம் போட்டேன். நல்ல வேலையை விட்டுவிட்டு இதென்ன கூத்து என்று கேட்டேன். அடுத்த நாளே அந்தத் தட்டின் படத்தை மாமிக்கு அனுப்பினேன். அதை உனக்குச் சொல்லவில்லை.

சாப்பிடு. பாண் மட்டும் தின்றுகொண்டு இருக்காதே.

போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய்: எந்தப் போத்தலில் முதலில் வண்டு விழுந்தது, எந்த மாதம்? புது வேலைக்கு வேண்டும் என்றாய். நான் மறந்துபோச்சு என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் நீ கதைப்பதில்லை.

வண்டு விழவில்லை.

2022இல் நீ போய் மூன்று கிழமை. காஸ் இல்லை, இரவெல்லாம் கரண்ட் இல்லை. அம்மம்மா வளவிலிருந்து அம்மா கொண்டுவந்த மொட்டைக்கறுப்பன் விதைநெல், நாலு ஹார்லிக்ஸ் போத்தலில், குசினித் தட்டில் இருந்தது. ஒரு நாள் இறக்கி, சின்ன உரலில் குத்தி, பல்கனியில் சிரட்டை எரித்துக் கஞ்சி வைத்தேன். அப்புறம் மற்றப் போத்தல்களும். பசி என்று பொய் சொல்லமாட்டேன். கடையில் அரிசி இருந்தது. அம்மாவும் இல்லாத, நீயும் இல்லாத வீட்டில் அவை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை. மாற நாயனார் விதைநெல்லை வாரியது சிவனடியாருக்கு. நான் வாரியது எனக்கு. கஞ்சி அம்மா வைத்த மாதிரியே இருந்தது.

நீ அழுவாய் என்று வண்டு என்றேன். நீ அழவில்லை, வெறும் போத்தலை அனுப்பச் சொன்னாய். அதை வைத்து அத்தனை பேர் உன்னைப் பற்றி எழுதினார்கள். பருவம் மாறி, வண்டு பெருகி, விதை அழிந்தது என்று எழுதினார்கள். வாசித்து வெட்டி வைத்திருக்கிறேன். எப்படிச் சொல்வது?

மூன்று போத்தல்தான் அனுப்பினேன், நாலாவது உடைந்துபோனது என்று சொன்னேன். அதுவும் உடையவில்லை. அதில் மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் கழுவி அனுப்புகிறேன்.

இன்று முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா