"அவங்க வந்தா நம்மள விட மாட்டாங்க": முன்னாள் ஊராட்சித் தலைவர் ஒருவருக்குக் கடிதம்

ஆடி மாதம், 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடவில்லை. பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிற யார் படித்தாலும் இது நம்ம ஊர் மாதிரி இருக்கே என்றுதான் சொல்வார்கள். அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடாது.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நான் உன் ஆள். மேலத்தெருவில், உன்னை எதிர்த்து நின்று தோற்றவர் வீட்டில் ஒரு டீ குடித்தால் அவர் ஆள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படிக்கிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று யோசித்துத்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். எழுதுவது உனக்கு. அவர் படிக்கட்டும்.

ஆனி மாதக் கல்யாணத்தில், மன்னார்குடி மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது நீ என்னிடம் சொன்னாய்: "கிளார்க் அண்ணே, அடுத்த தடவ அவங்க வந்தா நம்மள விட மாட்டாங்க. அதுக்காகவாவது நான் நிக்கணும்." உனக்குத் தெரியாது, இதே வார்த்தைகளை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். 2020 ஜனவரி 6-ஆம் தேதி நீ பதவியேற்றாயே, அந்த வாரம், மேலத்தெருக்காரர் சொன்னார். "அவங்க வந்துட்டாங்க, இனி நம்மள விட மாட்டாங்க." அவர் சொன்ன அவங்க, நீ.

நம் ஊரில் சட்டமன்றத் தேர்தல் இப்படி யாரையும் பிரித்ததில்லை. ஒரே வீட்டில் அண்ணன் உதயசூரியன், தம்பி இரட்டை இலை, பின்கட்டில் இருக்கிற சித்தப்பா அரிவாள் சுத்தியல் என்று இருந்திருக்கிறோம். 1989-ல் அ.தி.மு.க. என்ற ஒரே கட்சி சேவலும் இரட்டைப் புறாவுமாகப் பிரிந்து நின்றபோது டீக்கடையில் நடந்த சண்டை எனக்கு நினைவிருக்கிறது. கிளாஸ் உடைந்தது. அப்புறம் உடைத்தவரே காசு கொடுத்தார். அந்த இரண்டு வீட்டுக்கும் பின்னால் சம்பந்தமே ஆனது.

அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு உண்டு. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா என்று கேட்டார்கள். 1960-ல் ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010-ல் அதே மாதிரிக் கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர். அங்கே கட்சி பார்த்துச் சம்பந்தம் செய்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். நாம் அப்படியில்லை என்று நெஞ்சை நிமிர்த்தவும் முடியாது, நாம் பார்ப்பது சாதி. அதில் நூற்றுக்கு எத்தனை என்று யாரும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கட்சிக் கொடியே இல்லாத ஊராட்சித் தேர்தல்தான் நம்மைப் பிரித்தது. இளஞ்சிவப்புச் சீட்டு, உனக்குப் பூட்டு சாவி, அவருக்கு ஆட்டோ. இருபது ஓட்டுகூட இல்லாத வித்தியாசம். நான் யோசித்துப் பார்த்தேன். சட்டமன்றத் தேர்தலில் நம் ஓட்டு லட்சக்கணக்கில் ஒன்று, கரைந்து போய்விடும். ஊராட்சியில் அப்படியில்லை. ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டு. சீட்டைப் பிரித்து எண்ணும்போதே எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஏஜெண்டு விரல்விட்டுச் சொல்லிவிடுவார். ரகசிய ஓட்டு என்பது நம் ஊரில் பேச்சுக்குத்தான். தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவன் அடுத்த ஐந்து வருஷமும் ஜெயித்தவர் முகத்தில் முழிக்க வேண்டும். சென்னையில் ஆட்சி மாறினால் ஊரில் சுவர் விளம்பரம் மாறும். ஊராட்சியில் தலைவர் மாறினால் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாறும்.

நான் வேலை பார்த்தது வேறு ஊராட்சியில். அதனால் உன் காலத்துக் கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தது நிறைய.

எண்ணிக்கை முடிந்த ராத்திரி உன் பையன்கள் அவர் வீட்டு வாசலில் சரம் வெடித்தார்கள். நீ அங்கே இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மாதமே தொட்டி ஆபரேட்டரை மாற்றினாய். புதிய ஆள் மேலத்தெருவுக்குத் திறந்தது உச்சிவேளையில். பெண்கள் எல்லாம் வயலுக்கோ நூறு நாள் வேலைக்கோ போன பிறகு. பணித்தளப் பொறுப்பாளரும் மாறினார். மேலத்தெருவில் சிலருக்கு வேலை அட்டை இருந்தும் வாரக்கணக்கில் பெயர் வரவில்லை. கேட்டால் "மேலேர்ந்து வரல" என்றார்கள். மேலே என்றால் எங்கே, டெல்லியா?

அவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. துணைத் தலைவர் பதவியை வார்டு உறுப்பினர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டார்கள். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் போடவில்லை. ஆபரேட்டருக்குச் சம்பளம் போகவில்லை, தூய்மைக் காவலருக்குப் போகவில்லை, பல்பு வாங்கின கடைக்குப் பாக்கி. அப்புறம் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசில் உன்மேல் மனு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கட்டுக் கேள்வி. உன் மனைவி ஒருநாள் என் வீட்டில் வந்து அழுதது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. "ஜெயிலுக்கு அனுப்பாம விட மாட்டாங்க போலிருக்கு" என்றார். தோற்றவர்களுக்குத்தான் பயம் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் ஜெயித்த வீட்டில் அவ்வளவு பயம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு தரப்புக்கும் பயம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே எடை இல்லை. உன் பயம் பேருக்கும் வழக்குக்கும். மேலத்தெரு பயம் தண்ணீருக்கு. அதற்கும் தெற்கே காலனித் தெருவில் இருக்கிறவர்கள் உனக்கும் அவருக்கும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். இரண்டு பேரும் அவர்களை நம்பவில்லை. அவர்கள் பயத்துக்குக் குழுவும் இல்லை, வாட்ஸ்அப் குரூப்பும் இல்லை.

இந்த மண்ணில் "ரெண்டு பக்கமும் தப்பு" என்று பேசுவதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். குழந்தைகள், பெண்கள், வயசானவர்கள். ஒரு பக்கம் கூலி உயர்வு கேட்ட செங்கொடிச் சங்கம், இன்னொரு பக்கம் நெல் உற்பத்தியாளர் சங்கம். மிராசுதாருக்கும் பயம் இருந்திருக்கும், பிடி நழுவுகிறதே என்று. அந்தப் பயத்தையும் குடிசைக்குள் இருந்தவர்கள் பயத்தையும் ஒரே தராசில் வைக்கிறவனிடம் எனக்குப் பேச்சே இல்லை. ஆகவே சமாதானம் பேசுகிறவர்கள் முதலில் யாருக்கு எதை இழக்கிற பயம் என்று கேட்க வேண்டும். கேட்காமல் கைகுலுக்கச் சொல்கிற பெரிய மனிதர்களை நம் ஊர் நிறையப் பார்த்துவிட்டது.

கோயிலில் வைத்து உங்கள் இரண்டு பேருக்கும் மாலை மாற்றிவிட்டார்களே, கொரோனாவுக்கு அடுத்த வருஷம். என்ன ஆயிற்று? மாலை வாடுவதற்குள் தெருவிளக்குத் தகராறு வந்தது. உனக்கு அவர்மேல் இருப்பது வெறுப்பு என்று ஊர் சொல்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 காலையில் அவர் வீட்டுக் கூரைமேல் கிடந்த தென்னையை அறுத்துத் தள்ளியவன் நீ. கரண்டு இல்லாமல் கிடந்த அத்தனை நாளும் உன் ஜெனரேட்டரில்தான் இரண்டு தெருவுக்கும் தொட்டி நிறைந்தது. அப்போது ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரிலிருந்து அரசாங்கம் வைத்த தனி அலுவலர்தான். பிடிப்பதற்குப் பதவி இல்லாதபோது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பதவி வந்த பிறகுதான் எல்லாம் வந்தது. அப்படியென்றால் கோளாறு மனசில் எவ்வளவு, பதவியில் எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு.

என் கணக்கு இது. குழாயும் விளக்கும் வேலை அட்டையும் வீட்டுப் பட்டியலும் ஒரு மனிதன் கையில் இருக்கிறவரை, அவனை விரும்பாதவன் பயந்துகொண்டுதான் இருப்பான். பயந்தவன் கையெழுத்துப் போட மாட்டான், மனுப் போடுவான். அதைப் பார்த்து நீ பயப்படுவாய். நீ எவ்வளவு நல்லவன் என்பது இதில் வருகிற கேள்வியே இல்லை.

2023 உனக்கு மறந்திருக்காது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள், அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். குறுவை பாதிப் பேருக்குக் கருகியது. முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள், அதுவும் நம் வாய்க்காலுக்கு வருவதற்குள் முழங்கால் அளவு. உன் வயல் மேலே, அவருடையது கடைமடை. நீங்கள் இரண்டு பேரும் பேசி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் முறை வந்த ராத்திரிகளில் உன் மடையை நீயே மண் வைத்து அடைத்துவிட்டுப் போனாய். யாரும் கேட்கவில்லை, மடையைப் பார்த்துக்கொள்கிற லஸ்கரும் வரவில்லை. ஏன் அடைத்தாய்? முறை என்பது யார் யாருக்கு எந்த ராத்திரி என்று தண்ணீர் வருவதற்கு முன்பே பேசி முடித்தது. தலைவர் யார் என்று அதில் எழுதியிருக்காது. நீ இன்றைக்கு அதை மீறினால் நாளைக்கு உன் முறையில் உனக்கும் கேள்வி வரும்.

2003-ல் கர்நாடக விவசாயிகளும் நம் டெல்டா விவசாயிகளும் சேர்ந்து காவிரிக் குடும்பம் என்று ஒன்று தொடங்கினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் முன்னால் நின்றார்கள். 1991-ல் பெங்களூரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தது எல்லாருக்கும் நினைவிருந்த காலம். அவர்கள் இங்கே வந்து காய்ந்த வயலைப் பார்த்தார்கள், நம்மவர்கள் அங்கே போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். பங்கீடு அதில் முடியவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொல்லித்தான் ஓர் எண் நின்றது. ஆனாலும் எதிராளி எவ்வளவு நட்டிருக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதற்குப் பிறகு பேசிய பேச்சு வேறு மாதிரி இருந்தது.

சரி, உன்னிடம் நான் கேட்பது என்ன?

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு உன் காலம் முடிந்தது. இப்போது ஊராட்சி தனி அலுவலர் கையில். கையெழுத்து உன்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. அடுத்த தேர்தல் எப்போது என்று தெரியாது. வந்தாலும் ஒதுக்கீடு சுழற்சியில் நம் ஊராட்சி பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ போனால் நீங்கள் இரண்டு பேருமே நிற்க முடியாமல் போகலாம். யார் ஜெயிப்பார் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம் இதுதான். யாருக்கு எது முதலில் என்கிற நியாயமான பட்டியலுக்கு இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கிற நேரமும் இதுதான். ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் ஒருவனுக்குப் பட்டியல் தேவைப்படாது, இன்னொருவன் பட்டியலை நம்ப மாட்டான்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வா. அவரிடமும் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. குழாய் இணைப்பு பாக்கியுள்ள வீடுகளைத் தெருவாரியாக, கடைசித் தெருவிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். எரியாத கம்பங்களை எண்ணோடு. தொட்டி திறக்கிற நேரத்தைத் தெருவாரியாக, வாரம் மாறி மாறி. வீட்டுத் திட்டத்துக்கு யார் முதலில், யார் அடுத்து என்று. இவ்வளவும் தீர்மான நோட்டில் ஏற வேண்டும், அப்புறம் ரேஷன் கடைச் சுவரில் பெயிண்டில் எழுத வேண்டும். தாளில் ஒட்டினால் கிழித்துவிடுவார்கள். பின்னால் வருகிற தலைவர் அதை மாற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்பாய். மாற்ற நினைக்கிறவர் சுண்ணாம்பு வாளியோடு ரேஷன் கடை வாசலில் நிற்க வேண்டும், பகலில். எனக்கு அது போதும்.

காலனித் தெருவிலிருந்து யாராவது முதல் கையெழுத்துப் போட வேண்டும். உன்னுடையதும் அவருடையதும் அதற்குக் கீழே. யார் முதலில் என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் இருக்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

உன் ஆட்கள் உன்னைப் பயந்தவன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். போன தடவை நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை, உனக்கே தெரியும், ஏஜெண்டு சொல்லியிருப்பான். இருந்தும் கல்யாணத்தில் என்னைத் தேடி வந்துதானே பேசினாய்.

குறுவை எப்படி நிற்கிறது? இந்த வருஷம் ஜூன் 12-க்கே தண்ணீர் திறந்ததால் மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் இந்தத் தடவையாவது இரண்டு தெரு மூட்டைகளையும் வந்த வரிசையில் எடை போடச் சொல். அதற்குத் தலைவராக இருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கிளார்க் அண்ணன்